பயணச் செலவு யார் கணக்கில்? லாஸ் ஏஞ்சல்ஸ் சொல்லும் கதை

காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புவதை ஆங்கிலத்தில் 'கம்யூட்டிங்' என்கிறார்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு தள்ளுபடியிலிருந்து! 1840களில் அமெரிக்க ரயில் கம்பெனிகள், தினமும் புறநகரிலிருந்து நகரத்துக்கு வந்து போகிறவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்து மொத்தமாக ஒரு டிக்கெட் கொடுத்தன. நம் ஊர் சீசன் டிக்கெட்டுக்கு அண்ணன் முறை. 'கம்யூட்' என்றால் குறைத்தல், ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொள்ளுதல். மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதற்கும் இதே சொல்தான். (காலை ஒன்பது மணிக்குத் தாம்பரம் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது ஒன்றும் ஆச்சரியமாக இருக்காது!)

அந்தத் தள்ளுபடி டிக்கெட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் பணம் கட்டியது பயணி. வேலை கொடுத்த முதலாளி இல்லை. அன்று தொடங்கிய அந்தப் பழக்கம் இன்றுவரை மாறவில்லை. தொழிற்சாலைக்குப் பருத்தி வந்து சேரும் வண்டிச் சத்தம் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் 'உள்வரவுச் சுமைக்கூலி' என்று ஏறும். பி.காம் முதல் வருடத்திலேயே படிக்கிற விஷயம் இது. அதே தொழிற்சாலைக்குத் தொழிலாளி வந்து சேரும் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறாது. பணமும் அவருடையது, நேரமும் அவருடையது, தலைவலியும் அவருடையது.

இது சட்டப்படியும் உறுதியான விஷயம். 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வருமான வரி வழக்கு வந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் வசித்த ஃபிளவர்ஸ் என்ற வக்கீலுக்கு அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் ஒரு ரயில்வே கம்பெனியில் வேலை. போய்வந்த செலவைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. முடியாது என்றது நீதிமன்றம். ஜாக்சனில் குடியிருப்பது அவருடைய சொந்த வசதிக்காக, கம்பெனியின் தொழிலுக்காக அல்ல என்பது காரணம். ஜெர்மனி மாதிரி சில நாடுகள் கிலோமீட்டர் கணக்கில் வரிக்கழிவு கொடுக்கின்றன. இந்தியாவிலும் மாதம் 1,600 ரூபாய் வரை போக்குவரத்துப் படிக்கு வரிவிலக்கு இருந்தது. 2018 பட்ஜெட்டில் அதையும் நிலையான கழிவுக்குள் கரைத்துவிட்டார்கள்.

சரி, இந்தக் கணக்கில் வராத செலவு ஒரு நகரத்தை என்ன செய்யும்? அதற்கு லாஸ் ஏஞ்சல்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இன்று கார்களின் நகரம் என்று பெயரெடுத்த லாஸ் ஏஞ்சல்ஸ், 1920களில் மின்சார ரயில்களின் நகரமாக இருந்தது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். பசிபிக் எலெக்ட்ரிக் என்ற கம்பெனியின் சிவப்பு ரயில்கள் ஆயிரம் மைலுக்கும் அதிகமான தண்டவாளங்களில் ஓடின. ரயில் போன இடமெல்லாம் மனைகள் விற்றன, வீடுகள் எழும்பின, ஊர் பரந்து விரிந்தது. பிறகு கார் வந்தது. 1940 கடைசியில் பாசடீனாவுக்கு முதல் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. ரயில்கள் ஒவ்வொன்றாக நின்று, 1961இல் கடைசிச் சிவப்பு ரயிலும் ஓய்வு பெற்றது. ஊரைப் பரப்பியது ரயில். அந்தப் பரந்த ஊரை வாரிசாகப் பெற்றது கார்.

1943 ஜூலையில் ஒரு நாள் நகரத்தின் மேல் கண்ணெரிச்சல் தரும் பழுப்பு மூட்டம் கவிந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றே சிலர் நினைத்தார்களாம்! பிறகு செயற்கை ரப்பருக்கான ரசாயனம் தயாரித்த ஒரு ஆலை மீது பழி விழுந்தது. ஆலையை நிறுத்தினார்கள். மூட்டம் நிற்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் கால்டெக் பேராசிரியர் ஹாகன்-ஸ்மிட் உண்மையைக் கண்டுபிடித்தார். கார் புகையும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் சேர்ந்து சமைக்கும் கலவைதான் அது. அதாவது எதிரி எங்கிருந்தும் வரவில்லை. தினமும் காலையில் அவரவர் வீட்டு கராஜிலிருந்துதான் கிளம்பிக்கொண்டிருந்தான்.

இந்த நகரத்தின் நெரிசலில் தினமும் மாட்டிக்கொண்ட லட்சக்கணக்கானவர்களில் ஒருவர் ஜாக் நில்ஸ். சாதாரண ஆள் இல்லை, விண்வெளித் திட்டங்களில் வேலை பார்த்தவர். 1970களின் தொடக்கத்தில் ஒரு நகரத் திட்ட அதிகாரி அவரிடம் கேட்டாராம்: நிலவுக்கு மனிதனை அனுப்பத் தெரிந்த உங்களால் இந்த டிராஃபிக்குக்கு ஒரு வழி சொல்ல முடியாதா? நில்ஸ் இதைப் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நியாயமான கேள்விதான். பலர் இதற்கு இன்னும் அகலமான ரோடு, இன்னும் வேகமான ரயில் என்றுதான் பதில் யோசித்திருப்பார்கள். நில்ஸ் யோசித்தது வேறு. இத்தனை பேர் எதற்காகப் போகிறார்கள்? ஆபீசில் போய் ஒரு போனை எடுத்துப் பேசவும், ஒரு காகிதத்தை நிரப்பவும். அப்படியானால் ஆளை அனுப்புவதற்குப் பதிலாக வேலையை அனுப்பினால் என்ன?

அவர் வேலை பார்த்த நிறுவனம் இந்த ஆராய்ச்சியில் ஆர்வம் காட்டவில்லை. இதற்குப் பொறியாளர்கள் மட்டும் போதாது, உளவியல் பொருளாதாரம் எல்லாம் தெரிந்தவர்கள் வேண்டும், அது நம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நில்ஸ் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1973இல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தின் நிதி கிடைத்தது. 'டெலிகம்யூட்டிங்' என்ற சொல்லை அவர் உருவாக்கியதும் அந்த ஆண்டில்தான். அதே ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட, அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை நின்றது. சொல் பிறந்த நேரம் நல்ல நேரம்!

முதல் சோதனை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் நடந்தது. நகர மையத்தில் தலைமை அலுவலகம், அங்கே படிவங்களைக் கணினிக்கு ஏற்றும் குமாஸ்தாக்கள், பெரும்பாலும் பெண்கள். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு பேர் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். புது ஆள் எடு, பயிற்சி கொடு, அவர் போனதும் மறுபடி எடு. இது கம்பெனியின் கணக்கில் நேரடியாக ஏறுகிற செலவு. அதனால்தான் அவர்கள் நில்ஸுக்குக் கதவைத் திறந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. ஊழியர்கள் காரில் படும் பாட்டைப் பார்த்து மனம் இளகி இல்லை.

அப்போது பர்சனல் கம்ப்யூட்டர் கிடையாது. வீட்டில் வைத்து வேலை பார்க்கச் சாதனம் இல்லை. அதனால் ஊழியர்கள் குடியிருக்கும் பகுதிகளுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னக் கிளை அலுவலகங்கள் வைத்தார்கள். பகலில் அங்கே ஏற்றும் தகவல், இரவில் தொலைபேசிக் கம்பி வழியாகத் தலைமை அலுவலகத்தின் பெரிய கணினிக்குப் போகும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். இன்று பத்தாம் வகுப்புப் பையனின் கையிலிருக்கும் போன் இதைவிடப் பல மடங்கு செய்யும். ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது. நில்ஸ் சொல்லும் கணக்குப்படி வேலை கூடுதலாக நடந்தது, வேலையை விட்டுப் போவது ஏறக்குறைய நின்றே போனது, ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் மிச்சப்படும் என்றும் தெரிந்தது.

பிறகு? கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது!

காரணம் தொழிற்சங்கம். தனித்தனியாகக் கிடக்கும் சின்ன அலுவலகங்களில் சங்கம் சுலபமாக நுழைந்துவிடும், ஒவ்வொன்றாகப் பிடித்துவிடும் என்று நிர்வாகம் பயந்தது. நில்ஸ் தொழிற்சங்கத் தரப்பிலும் போய்க் கேட்டார். அவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆட்கள் இப்படிச் சிதறிக் கிடந்தால் எப்படி அவர்களை ஒன்று திரட்டுவது என்று அவர்கள் பயந்தார்கள். ஒரே விஷயத்தைப் பார்த்து முதலாளியும் சங்கமும் நேர்எதிரான காரணத்துக்காகப் பயந்த கதை வரலாற்றில் அதிகம் இருக்காது. இருவருக்கும் நடுவில் அந்தக் குமாஸ்தாப் பெண்கள் மறுபடியும் காரை எடுத்துக்கொண்டு நகர மையத்துக்குப் போனார்கள். 1976இல் நில்ஸும் அவருடைய சகாக்களும் ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டார்கள். தொலைத்தொடர்புக்கும் போக்குவரத்துக்கும் உள்ள பண்டமாற்று என்கிற பொருளில் தலைப்பு.

சங்கத்தின் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. வீட்டுக்கே வேலை கொடுத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வெட்டிய வரலாறு தையல் தொழிலில் உண்டு. நம் ஊர் பீடித் தொழிலில் இன்றும் உண்டு. வீட்டிலிருந்து வேலை என்பது எல்லோருக்கும் வரமாக வந்ததில்லை.

கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் வேலையை வீட்டில் செய்தவர்களும் இருந்திருக்கிறார்கள்! அது நடந்தது இங்கிலாந்தில், நில்ஸுக்கு 11 ஆண்டுகள் முன்பு. நாஜிகளிடமிருந்து தப்பிக்க 1939இல் குழந்தைகளுக்கான ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்ட ஸ்டெஃபனி ஷர்லி, 1962இல் வெறும் 6 பவுண்டு முதலில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். குழந்தை பிறந்ததும் வேலையை விட நேர்ந்த பெண் புரோகிராமர்கள்தான் அவருடைய ஊழியர்கள். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். வீட்டில் பென்சிலும் காகிதமும் வைத்து புரோகிராம் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராம்கூட அப்படி எழுதப்பட்டதுதான். வாடிக்கையாளர் போன் செய்தால் பின்னணியில் குழந்தை அழும் சத்தம் கேட்கக்கூடாதே என்று டைப்ரைட்டர் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து ஓட விடுவார்களாம். பெண் பெயரில் கடிதம் போட்டால் பதில் வராது என்று 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டார். தொழில்நுட்பம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மறுபடி லாஸ் ஏஞ்சல்ஸ். 1984இல் அங்கே ஒலிம்பிக் நடந்தது. ஊரே ஸ்தம்பித்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். நடந்தது தலைகீழ். அலுவலகங்கள் வேலை நேரத்தை முன்னும் பின்னுமாக மாற்றின, லாரிகள் இரவில் ஓடின, பலர் விடுமுறை எடுத்தார்கள். விரைவுச்சாலைகள் காலியாக வழுக்கிக்கொண்டு ஓடின. விளையாட்டு முடிந்தது, நெரிசல் திரும்பி வந்தது.

அடுத்தது 1994 ஜனவரி 17. விடிகாலை நாலரை மணிக்கு நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். சாண்டா மோனிகா விரைவுச்சாலையின் பாலங்கள் இடிந்து விழுந்தன. இங்கேதான் காமர்ஸ் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். யாருடைய கணக்கிலும் ஏறாத பயணத்துக்கு மாநில அரசு விலை போட்டது. சாலை மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் நகரப் பொருளாதாரத்துக்கு 10 லட்சம் டாலர் நஷ்டம் என்று மதிப்பிட்டார்கள். காண்டிராக்டருக்கு 140 நாள் கெடு. முன்கூட்டி முடித்தால் நாள் ஒன்றுக்கு 2 லட்சம் டாலர் போனஸ். அவர் 66 நாளில் முடித்து, 1 கோடியே 48 லட்சம் டாலர் போனஸ் வாங்கிப் போனார்! இடைப்பட்ட காலத்தில் பல கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும், தொலைபேசிக் கம்பெனிகள் ஓடி ஓடி இணைப்புக் கொடுத்ததும் நடந்தது. ஏப்ரலில் சாலை திறந்தது. பெரும்பாலானவர்கள் காருக்கே திரும்பினார்கள். சாலை சரியானதும் நஷ்டம் மறுபடியும் பயணியின் தனிக்கணக்குக்குப் போய்விட்டது.

வேகமான சாலை போட்டால் பயணம் குறையாதா என்று கேட்கலாம். இத்தாலிய இயற்பியலாளர் சிசாரே மார்செட்டி 1994இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்குப் பதில் சொல்கிறது. மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள். நடந்தாலும் அவ்வளவு, ரயிலானாலும் அவ்வளவு. வேகம் கூடினால் நேரம் மிச்சமாவதில்லை, வீடு தள்ளிப் போகிறது. லாஸ் ஏஞ்சல்ஸிலேயே 405ஆம் விரைவுச்சாலையை 100 கோடி டாலருக்கு மேல் கொட்டி அகலப்படுத்தி 2014இல் முடித்தார்கள். நெரிசல் நேரத்தில் பயணிகளுக்குப் பெரிதாக எதுவும் மிச்சமாகவில்லை. (டெலிகம்யூட்டிங்கும் இந்த விதிக்கு முழு விலக்கு இல்லை. வாரம் இரண்டு நாள் போனால் போதும் என்றால் இன்னும் தள்ளி வீடு பார்க்கலாமே என்று தோன்றுவது மனித இயல்பு.)

இந்தப் பயணம் ஆளை என்ன செய்கிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 2004இல் டெக்சாஸ் மாநிலத்தில் 909 வேலைக்குப் போகும் பெண்களிடம், முந்தின நாள் செய்த ஒவ்வொரு காரியத்தின்போதும் மனநிலை எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். பட்டியலில் கடைசி இடம் காலையில் வேலைக்குப் போகும் பயணத்துக்கு. வேலையைவிடப் பயணம் மோசம்! வீட்டு வேலைகூட அதற்கு மேலேதான் இருந்தது.

இதற்கிடையில் தொழில்நுட்பம் தன் பாட்டுக்கு வளர்ந்தது. 1979இல் ஐபிஎம் 5 ஊழியர்களின் வீட்டில் டெர்மினல் வைத்துப் பார்த்தது. பிறகு மோடம், இன்டர்நெட், பிராட்பேண்ட், வீடியோ அழைப்பு எல்லாம் வந்தன. ஆனால் 2013இல் யாஹூ வீட்டிலிருந்து வேலை செய்தவர்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டது. 2017இல் ஐபிஎம்மே பலரைத் திரும்பக் கூப்பிட்டது. உலகம் முழுவதையும் கம்பியால் இணைக்கும் சாதனங்களை விற்ற கம்பெனிகள், தங்கள் ஆட்களை மட்டும் பக்கத்திலேயே உட்காரச் சொன்னது வேடிக்கைதான்.

அமெரிக்கக் கம்பெனிகளின் போன்களுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பதில் சொன்ன இந்திய கால் சென்டர்களை நினைத்துப் பாருங்கள். வேலை பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் கடல் தாண்டி வந்துவிட்டது. ஆனால் அந்தக் கடைசி இருபது கிலோமீட்டரை ஊழியர் பழைய மகாபலிபுரம் சாலையில் வேனில் போய்க் கடக்க வேண்டியிருந்தது. அதற்குச் சட்டமும் ஒரு காரணம். தொலைத்தொடர்புத் துறையின் விதிப்படி, இப்படிப்பட்ட சேவை நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்க விடவேண்டுமென்றால் 1 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும்! கொரோனா வந்த 2020 மார்ச்சில் அவசரமாக அந்த விதியைத் தளர்த்தினார்கள். நவம்பரில் எடுத்தே விட்டார்கள். ஒரு வைரஸ் வரவேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 2019இல் 5.7 சதவீதம் பேர்தான் பெரும்பாலும் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். 2021இல் அது 17.9 சதவீதம். நில்ஸ் 1973இல் கண்ட கனவு ஒரே மாதத்தில் நடந்தது. புதிதாக எந்தக் கருவியும் அந்த மாதத்தில் கண்டுபிடிக்கப்படவில்லை. அலுவலகம் மூடியதால் நஷ்டம் முதலாளியின் கணக்கில் ஏறியது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆபத்து விலகியதும் பழைய குரல்கள் கேட்கத் தொடங்கின. 2025க்குள் 25 சதவீத ஊழியர்கள் மட்டும் அலுவலகம் வந்தால் போதும் என்று 2020இல் அறிவித்த டிசிஎஸ், 2023 அக்டோபரிலிருந்து வாரம் 5 நாளும் வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரி முதல் அதையே செய்தது.

எல்லா வேலையையும் கம்பியில் அனுப்ப முடியாது என்பதும் உண்மை. அமெரிக்காவில் 37 சதவீத வேலைகளை மட்டுமே முழுக்க வீட்டிலிருந்து செய்ய முடியும் என்று 2020இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். ஏழை நாடுகளில் இது இன்னும் குறைவு. நர்ஸும் துப்புரவுத் தொழிலாளியும் பஸ் டிரைவரும் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் போகத் தேவையில்லாதவர்கள் சாலையை விட்டு இறங்கினால், போயே ஆகவேண்டியவர்களுக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். இந்த லாபமும் எந்தப் புத்தகத்திலும் ஏறாது.

வீட்டில் தனியாக உட்கார்வதும் எல்லோருக்கும் ஒத்துவராது. ஷாங்காயில் சீட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010இல் கால் சென்டர் ஊழியர்களை வைத்து 9 மாதம் ஒரு சோதனை நடத்தியது. வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போவது பாதியானது. ஆனாலும் சோதனை முடிந்ததும் அவர்களில் பாதிப் பேர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அதே நிறுவனம் பின்னர் 1,612 பேரை வைத்து மறுபடி சோதித்தது. இந்த முறை வாரம் 3 நாள் அலுவலகம், 2 நாள் வீடு. 2024இல் முடிவு வெளியானது. மேலாளர்கள் தொடக்கத்தில் வேலை சராசரியாக 2.6 சதவீதம் குறையும் என்று நினைத்தார்கள். முடிவில் 1 சதவீதம் கூடும் என்று கருத்தை மாற்றிக்கொண்டார்கள். வேலையை விடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. யாரிடம் அதிகமாகக் குறைந்தது தெரியுமா? மேலாளர் அல்லாதவர்கள், பெண்கள், நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறவர்கள். ஐம்பது வருடம் முன்பு அந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் படிவம் ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். ஷாங்காய் நிறுவனம் கணக்குப் பார்த்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் அந்த இரண்டு நாளைக் கொடுத்துவிட்டது.